பெட்டிக்கு வந்த தேனீ ஏன் தங்கவில்லை?

தேனீப் பக்கம்: வாசகர் கேள்விகளும் குலசேகரத்திலிருந்து என் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. பெட்டி வாங்கி, தேனீயும் குடியேற்றி, சில நாளில் பெட்டி காலியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான்கு சட்டம் தேனீயோடு ஒரு பெட்டி வாங்கினேன். விற்றவர் பகல் பதினொரு மணிக்குக் கொண்டுவந்து மாமரத்தடியில் வைத்துவிட்டுப் போனார். தினமும் காலையில் திறந்து பார்த்தோம், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் காட்டினோம். நான்காம் நாள் மதியம் மொத்தக் கூட்டமும் கிளம்பிப் போய்விட்டது. எங்கே தவறு? மறுபடியும் வாங்கலாமா? – வாசகர், பொள்ளாச்சி

கட்டாயம் வாங்கலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காலிப் பெட்டியைக் கழுவிவிடாதீர்கள். அடைகளை, அதாவது சட்டம் என்கிற மரச் சட்டகத்தில் தேனீ மெழுகால் கட்டிய அறைத் தட்டுகளை, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஏன் போனது என்பதற்கான தடயம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

முட்டை இல்லை, புழு இல்லை, மெழுகால் மூடிய கூட்டுப்புழு அறையும் இல்லை, ஒரு சொட்டுத் தேனும் இல்லை என்றால் அது யோசித்துப் புறப்பட்ட கூட்டம். நம் ஊர் இந்தியத் தேனீ, உணவு வரத்து குறைந்தால் முதலில் முட்டையிடுவதை நிறுத்தும். மூடிய அறையில் இருக்கும் கடைசிக் கூட்டுப்புழுவும் தேனீயாகி வெளியே வரும்வரை பொறுத்திருக்கும். பிறகு மிச்சத் தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு கிளம்பும். இதெல்லாம் நான்கு நாளில் நடக்காது. அப்படி இருந்தால், உங்கள் கைக்கு வந்தபோதே அந்தக் குடும்பம் கிளம்பும் நிலையில்தான் இருந்திருக்கிறது. உங்கள் மேல் குற்றமில்லை.

அடையில் புழுவும் தேனும் அப்படியே கிடந்தால் கதை வேறு. அது பயந்து ஓடிய கூட்டம். அப்போது அடிப்பலகையைப் பாருங்கள். எறும்பு வரிசை போயிருக்கிறதா? அடையில் வெள்ளை நூல் படலமும் கறுப்புத் துகளும் தெரிகிறதா? அது மெழுகுப்பூச்சி. இரண்டும் இல்லையென்றால் மிஞ்சுவது சூடும் தொந்தரவும். உங்கள் கடிதத்தைப் படித்தவரை எனக்கு அந்தச் சந்தேகம்தான். தேனீக்கள் புழு இருக்கும் இடத்தை ஏறக்குறைய 35 டிகிரி வெப்பத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சூடும், கூட்டுக்குள் அவை ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் வாசனையும் கலைந்து போகின்றன. புது இடம் வேறு. வெயிலில் ஆட்டிக் கொண்டுவந்த அலுப்பு வேறு. தினமும் திறந்தால் இருக்குமா?

அடுத்த முறை வாங்கும்போது, விற்பவரின் தோட்டத்துக்கே போய்ப் பார்த்து வாங்குங்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சட்டத்தைச் சூரிய வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்தால் அறைகளின் அடியில் மெல்லிய வெள்ளைக் கோடாக முட்டை தெரிய வேண்டும். ஓர் அறைக்கு ஒரு முட்டைதான் இருக்க வேண்டும். முட்டை பொரிய மூன்று நாள் ஆகும் என்பதால், முட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டால் கடந்த மூன்று நாளுக்குள் அங்கே ராணி இருந்தது உறுதி. ராணியைத் தேடிப் பிடித்துக் காட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை. முட்டை, வளர்ந்த புழு, மூடிய அறை மூன்றும் இருக்கிறதா, ஓரங்களில் தேனும் மகரந்தமும் இருக்கிறதா, அடை இளம் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கன்னங்கரேலென்ற பழைய அடை வேண்டாம். இந்தியத் தேனீக்குப் பழைய அடை பிடிக்காது. தானே கடித்து உதிர்த்துக் கீழே தள்ளும், அந்தத் தூளில்தான் மெழுகுப்பூச்சி பெருகும்.

இன்னொன்று, பெட்டியை விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதை வையுங்கள். நல்ல குடும்பம் ஒரே மூச்சில் 'உஸ்' என்று சீறி உடனே அடங்கும். அடங்காமல் நீளமாக இரைந்துகொண்டே இருந்தால் ராணி இல்லையோ என்று நான் சந்தேகப்படுவேன்.

இடத்தைப் பெட்டி வருவதற்கு முன்பே தயார் செய்துவிட வேண்டும். காலை வெயில் படலாம், மதிய வெயில் கூடாது. வாயில் கிழக்கு பார்த்து இருந்தால் நல்லது. முழங்கால் உயரத்துக்கு ஒரு தாங்கி, அதன் காலில் தண்ணீர்க் கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, ஏதாவது புல்லோ கிளையோ பெட்டியைத் தொட்டுப் பாலம் போடுகிறதா என்றும் பாருங்கள். எறும்புக்கு ஒரு புல் போதும். புதுப் பெட்டியின் உள்பக்கம் பெயிண்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம். சில நாள் நிழலில் காற்றாட வைத்து, உள்ளே கொஞ்சம் தேன்மெழுகைத் தேய்த்துவிடுங்கள்.

கொண்டுவருவது இரவில்தான். பொழுது சாய்ந்து வெளியே போன தேனீ எல்லாம் திரும்பிய பிறகு வாயிலைக் காற்றுப் போகும் வலையால் அடைக்க வேண்டும். தாளையோ களிமண்ணையோ வைத்து அடைத்தால் உள்ளே சூடேறி அடை உருகித் தேனீ மூழ்கிச் சாகும். சட்டம் ஆடாமல் இடையில் குச்சி செருகிக் கயிற்றால் கட்டுங்கள். வண்டி போகும் திசைக்கு நேராக அடைகள் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே வைத்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அடைகள் ஒன்றோடொன்று மோதும், நடுவில் இருக்கும் ராணி நசுங்கினால் எல்லாம் வீண். தாங்கியில் வைத்துச் சற்று நேரம் ஆறவிட்டு, இருட்டிலேயே வாயிலைத் திறந்துவிடுங்கள். வாயிலுக்கு முன்னால் ஒரு இலைக்கொத்தைச் சாய்த்து வைக்கலாம். காலையில் வெளியே வரும் தேனீ முன்னால் ஏதோ மாறியிருப்பதைக் கண்டு, திரும்பிப் பெட்டியைப் பார்த்து வட்டமடித்து இடத்தை மனதில் பதித்துக்கொண்டு போகும்.

அப்புறம் ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எல்லாவற்றிலும் கடினம் இதுதான், எனக்குத் தெரியும். மூடியில் கை வைக்காமலேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம். வாயிலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள், எதிரே வேண்டாம். பின்னங்காலில் மஞ்சள் உருண்டையோடு தேனீ உள்ளே போகிறதா? மகரந்தம் புழுவுக்கான சாப்பாடு. அது போகிறது என்றால் உள்ளே புழு வளர்கிறது, புழு வளர்ந்தால் குடும்பம் தங்கும். மகரந்தம் வருவது நின்றுபோனால் மட்டும் வாரம் முடியும்வரை காத்திருக்காமல் ஒரு மாலையில் திறந்து பாருங்கள்.

ராணி வெளியேறாமல் வாயிலில் சின்னச் சந்து வைத்த தகடு போடச் சொல்வார்கள். முதல் சில நாளுக்குப் போடலாம், நானும் போடுவேன். வேலைக்காரத் தேனீ நுழையும், ராணியால் முடியாது. ராணி வராமல் கூட்டம் போகாது. ஆனால் அதை நிரந்தரமாக விட்டுவிடக் கூடாது. ஆண் தேனீக்கள் வெளியே போக முடியாமல் அங்கேயே அடைபட்டுச் செத்து வாயிலை அடைக்கும். புது ராணி பிறந்திருந்தால் இணைசேரப் பறக்க முடியாது. தகடு பெட்டியைப் பழக அவகாசம் தருமே தவிர, எறும்பும் வெயிலும் இருக்கிற இடத்தில் பிடித்து வைக்காது.

அக்கா, எங்கள் மாட்டுத் தொழுவத்தில் சாய்த்து வைத்திருந்த பழைய நெல் பானைக்குள் தேனீ குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. அடுக்கடுக்காக அடை இருக்கிறது. தொழுவத்தை இடித்துக் கட்டப் போகிறோம். மருந்தடித்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. பெட்டிக்கு மாற்ற முடியுமா? – வாசகி, தென்காசி

மருந்து வேண்டாம் தங்கச்சி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுக்கடுக்காக அடை என்றால் இந்தியத் தேனீதான், பெட்டியில் வாழக்கூடியது. அதுவும் பானையில் இருக்கிறது. மரப்பொந்து, கிணற்றுச் சுவர் என்றால் உடைத்து எடுக்கும் பாடு பெரிது. எங்கள் குமரி மாவட்டத்தில் பானையைக் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டுத் தேனீ பிடிப்பது பழைய வழக்கம். என் மாமனார் அப்படிப் பிடித்தவைதான் எங்கள் தோப்பின் முதல் பெட்டிகள்.

எப்போது செய்வது என்பது முக்கியம். பூ இருக்கும் மாதமாக இருக்கட்டும். விடாமல் மழை பெய்யும் நாளில் தொடவே வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு, நான்கரை மணி வாக்கில் தொடங்குங்கள். பகலில் தொடங்கினால் வெளியே போன தேனீ, சிந்திய தேனை மோப்பம் பிடித்து வரும் வேறு கூட்டுத் தேனீ, எறும்பு எல்லாம் சேர்ந்து கலவரமாகிவிடும். மாட்டை வேறு இடத்தில் கட்டிவிடுங்கள், இதை மறக்காதீர்கள். குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம். இதற்கு முன் தேனீயைக் கையாண்ட ஒருவர் கூட இருக்கட்டும், முகவலை இருவருக்கும் வேண்டும்.

தேவையானவை: சட்டங்களோடு காலிப் பெட்டி, கூர்மையான மெல்லிய கத்தி, நனைத்த வாழைநார், புகை போட ஒரு குவளையில் காய்ந்த தேங்காய் நார், மூடியுள்ள பாத்திரம் இரண்டு, கை கழுவ ஒரு வாளித் தண்ணீர். கையில் தேன் ஒட்டிக்கொண்டே வேலை செய்தால் தேனீயெல்லாம் கையில் ஒட்டிச் சாகும். அடிக்கடி கழுவிக்கொள்ளுங்கள்.

பானை வாயில் இரண்டு மூன்று முறை மெல்லப் புகை விடுங்கள். குளிர்ந்த வெள்ளைப் புகை போதும், தீப்பொறி பறக்கக் கூடாது. சற்றுப் பொறுத்து, அடைகள் ஒட்டியிராத பக்கமாகப் பானையைச் சுத்தியலால் சிறிது சிறிதாக உடையுங்கள். ஓரத்து அடை பெரும்பாலும் தேன் அடை. அதை அறுத்துப் பாத்திரத்தில் போட்டு மூடுங்கள். அதைப் பெட்டியில் வைக்கக் கூடாது. கனத்தில் அறுந்து விழும், தேன் ஒழுகினால் எறும்பும் திருட்டுத் தேனீயும் தேடி வரும்.

நடுவில் இருப்பவை புழு அடைகள். இவற்றில்தான் உங்கள் முயற்சியின் உயிர் இருக்கிறது. ஒவ்வோர் அடையையும் மேலே ஒட்டியிருக்கும் இடத்தில் அறுத்து, உள்ளங்கையில் ஏந்தி எடுங்கள். மேலே இருக்கும் தேன் பட்டையை வெட்டி நீக்கிவிட்டு, புழு உள்ள பகுதியைச் சட்டத்தின் அளவுக்கு நறுக்குங்கள். பானையில் மேலே இருந்த பக்கம் சட்டத்திலும் மேலே இருக்க வேண்டும். அறைகள் வாய்ப்பக்கம் கொஞ்சம் உயர்ந்து சாய்வாகக் கட்டப்பட்டவை, தலைகீழாக வைத்தால் அந்தச் சாய்வு கெட்டுவிடும். அடையின் மேல் விளிம்பு சட்டத்தின் மேல்கட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, வாழைநாரால் இரண்டு மூன்று சுற்றுக் கட்டுங்கள். நூலும் கம்பியும் அடையை அறுக்கும், வாழைநார் அறுக்காது. தேனீக்கள் சில நாளில் அடையை மெழுகால் கட்டையோடு ஒட்டிவிட்டு நாரைத் தாங்களே கடித்து இழுத்து வெளியே போடும். வாயிலில் நார்த்துண்டு கிடந்தால் சந்தோஷப்படுங்கள், வேலை நடக்கிறது.

பானையில் இருந்த அதே வரிசையில் சட்டங்களை அடுக்குங்கள். புழு அடைகளை நடுவில் நெருக்கமாக வையுங்கள், இரண்டு அடைக்கும் நடுவே தேனீ போய்வரும் அளவு சந்து மட்டும் போதும். அந்தச் சந்துதான் பெட்டியில் தேனீ வளர்ப்பதற்கே அடிப்படை. ஏறக்குறைய முக்கால் சென்டிமீட்டர் அளவுள்ள அந்த இடைவெளியைத் தேனீ மெழுகால் அடைப்பதில்லை என்பதை 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் கவனித்ததால்தான், கழற்றி மாட்டும் சட்டம் வைத்த பெட்டி வந்தது.

இனி ராணி. மற்றத் தேனீயைவிட நீளமாக, வயிறு கருத்து, சிறகு வயிற்றை முழுதும் மூடாமல் இருக்கும். கண்ணில் பட்டால் ஓட்டை போட்ட தீப்பெட்டியில் இரண்டு மூன்று தேனீயோடு மெதுவாக விட்டு, பெட்டிக்குள் புழு அடை மேல் வையுங்கள். அகப்படவில்லை என்றால் பதற வேண்டாம். பானை ஓட்டில் குவிந்திருக்கும் தேனீக்களை ஒரு முறத்தாலோ அட்டையாலோ அள்ளி அடைகள் மேல் மெல்ல உதறுங்கள். பெட்டியை, பானை வாய் இருந்த அதே இடத்தில், அதே திசை பார்த்து வையுங்கள். வாயிலில் சில தேனீக்கள் வயிற்றைத் தூக்கிச் சிறகடிக்க ஆரம்பித்தால் ராணி உள்ளே போய்விட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். அவை வாசனை விட்டு மற்றவற்றைக் கூப்பிடுகின்றன. வரிசையாக நடந்தே உள்ளே போகும். அந்தக் காட்சி எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மாறாக, எல்லாம் தொழுவத்துக் கூரையில் ஒரு மூலையில் போய்த் தொங்கினால் ராணி அங்கே இருக்கிறது. அந்தக் கொத்தைப் பெட்டிக்குள் உதறுங்கள்.

உடைந்த பானை, சிந்திய தேன், மெழுகுத் துண்டு எல்லாவற்றையும் இருட்டுவதற்குள் அப்புறப்படுத்திக் கழுவிவிடுங்கள். எல்லாத் தேனீயும் அடங்கிய பிறகு வாயிலில் ராணித் தகடு போடுங்கள். தீப்பெட்டியில் ராணி இருந்தால் மறுநாள் மாலை திறந்துவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது முட்டை தெரிந்தால் வெற்றி. முட்டை இல்லாமல், அடையின் நடுப்பகுதியில் நிலக்கடலை போலத் தொங்கும் நீண்ட அறைகள் தெரிந்தால் ராணி போய்விட்டது, வேலைக்காரத் தேனீயாக வேண்டிய இளம் புழுவிலிருந்தே புது ராணியை வளர்க்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது தகட்டை எடுத்துவிட்டு அவர்கள் போக்கில் விடுங்கள். புழு அடை பத்திரமாக வந்தால் ராணி போனாலும் குடும்பம் பிழைக்கும் என்று சொல்வது இதனால்தான்.

தொழுவத்தை இடிக்கும் நாளுக்கு முன் பெட்டியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமே? அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

முன்வாசலில் இருந்த பெட்டியைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினேன், முப்பதடி தூரம்கூட இல்லை. மறுநாள் தேனீயெல்லாம் பழைய இடத்திலேயே சுற்றுகின்றன. – வாசகர், நாமக்கல்

பெட்டியை உடனே பழைய இடத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள். தேனீ தன் வீட்டை அடையாளம் வைப்பது இடத்தை வைத்துத்தான். பெட்டியின் நிறமெல்லாம் அப்புறம். மேய்ப்புக்குப் போன தேனீ, பழகிய மரமும் சுவரும் கண்ணில் பட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். கொஞ்ச தூரம் மாற்றுவதானால் தினம் ஓரடி, ஒன்றரை அடி என்று நகர்த்துங்கள். நிறையத் தூரம் என்றால் ஒரேயடியாக மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஒரு நண்பர் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்து, சில வாரம் கழித்து நீங்கள் விரும்பும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுத்தர தூரம்தான் தொல்லை. தென்காசி வாசகிக்கும் இதேதான் யோசனை.

ராணி இல்லாத பெட்டி ஒன்று இருக்கிறது. முருங்கை மரத்தில் வந்து தொங்கும் புதுக் கூட்டத்தை அதோடு சேர்க்கலாமா? – வாசகர், திண்டுக்கல்

சேர்க்கலாம், ஆனால் நேராகக் கொட்டக் கூடாது. இரண்டு குடும்பத்துக்கும் வாசனை வேறு, சண்டையிட்டுச் சாகும். முதலில் ராணி இல்லாத பெட்டியில் ஓர் அறைக்குள் நான்கைந்து முட்டை தாறுமாறாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படி என்றால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிட ஆரம்பித்துவிட்டன. அவை புது ராணியை ஏற்காமல் கொன்றுவிடலாம். அந்தப் பெட்டிக்காக ஒரு நல்ல கூட்டத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

அப்படி இல்லையென்றால், தொங்கும் கூட்டத்தைத் தனிப் பெட்டியில் பிடியுங்கள். பிரிந்து வந்த கூட்டம் வயிறு நிறையத் தேனோடு இருக்கும், பாதுகாக்கப் புழுவும் இல்லை, அதனால் சாதாரணமாகக் கொட்டாது. கிளைக்கு நேர்கீழே பெட்டியைப் பிடித்து ஒரே உலுக்கு. இன்னொரு பெட்டியிலிருந்து இளம் புழு உள்ள ஒரு சட்டத்தை எடுத்து உடனே அதில் வைத்துவிடுங்கள். ஊட்டுவதற்குப் புழு கிடைத்துவிட்டால் வந்த கூட்டம் பெரும்பாலும் தங்கிவிடும். காலிப் பெட்டியில் வெறும் சட்டத்தோடு விட்டவை மறுநாளே போய்விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அது தங்கி முட்டையிடத் தொடங்கிய பிறகு, ஒரு இரவில் அதன் மேல் ஒற்றைச் செய்தித்தாளை விரித்து, ஊசியால் சில துளை குத்தி, ராணி இல்லாத பெட்டியின் அடிப்பலகையை எடுத்துவிட்டு மேலே ஏற்றி வையுங்கள். இரண்டு பக்கமும் தாளைக் கடித்து முடிப்பதற்குள் வாசனை ஒன்றாகிவிடும். இதற்கும் மேலே சொன்ன இடமாற்ற விதி உண்டு. இரண்டு பெட்டிகளும் தொலைவில் இருந்தால் முதலில் சிறிது சிறிதாக நெருக்கிக் கொண்டுவர வேண்டும்.

இத்தாலியத் தேனீ தேன் அதிகம் தருமாமே. முதல் முறை வளர்ப்பவன் எதை வாங்குவது? – வாசகர், ஈரோடு

தேன் அதிகம் தரும், உண்மை. ஓடிப்போகும் குணமும் குறைவு. ஆனால் அதற்கு நிறையப் பூ வேண்டும். சூரியகாந்தி, கடுகு என்று பூவைத் தேடி ஊர் ஊராகப் பெட்டியை லாரியில் ஏற்றிப் போகிறவர்களுக்கு அது சரி. வரோவா என்ற உண்ணியும் அதற்குப் பெரிய பகை. அந்த உண்ணி ஆதியில் நம் ஆசியத் தேனீயின் மேல் இருந்ததுதான். காலங்காலமாகப் பழகியதால் நம் தேனீ அதைத் தட்டிக் கடித்துத் தள்ளக் கற்றிருக்கிறது. இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது, வளர்ப்பவர்தான் கண்காணிக்க வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில் ஒன்றிரண்டு பெட்டி வைக்க இந்தியத் தேனீயைத்தான் நான் சொல்வேன். தென்னையும் முருங்கையும் புளியும் இருக்கிற இடத்தில் அதுவே தன்னைப் பார்த்துக்கொள்ளும். அதன் உடல் அளவுக்கென்றே 1911-க்கும் 1917-க்கும் இடையில் நியூட்டன் பாதிரியார் ஏழு சட்டம் வைத்த சின்னப் பெட்டியை வடிவமைத்துத் தென்னாட்டில் பலருக்குப் பயிற்சியும் கொடுத்தார். இன்றும் நியூட்டன் பெட்டி என்றே கடையில் கிடைக்கிறது. பின்னர் 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மூலம் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் தொடங்கிய கிராம முன்னேற்றப் பணியில் தேனீ வளர்ப்பும் சேர்ந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் பெட்டி வந்தது அந்த வழியில்தான்.

இந்தியத் தேனீக்கும் ஒரு பெரிய அடி விழுந்தது. 1990-களின் தொடக்கத்தில் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் குமரியிலும் பெட்டி பெட்டியாக அழித்தது. புழு, கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன்பே, தண்ணீர் நிறைந்த பை மாதிரி ஆகித் தலை தூக்கிச் சாகும். அதற்கு மருந்து கிடையாது. தப்பிய கூடுகளிலிருந்துதான் மறுபடி பெருக்கினோம். அதனால் வாங்கும்போது புழு அடையை உற்றுப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு புழு அப்படித் தெரிந்தாலும் வாங்காதீர்கள், விலை குறைத்துத் தந்தாலும்.

அடுக்குமாடி வீட்டு பால்கனிக்கு மேலே பெரிய தேன்கூடு தொங்குகிறது. அதைப் பெட்டியில் போட முடியுமா? – வாசகி, கோவை

முடியாது. ஒரே பெரிய அடையாகத் திறந்த வெளியில் தொங்குவது மலைத்தேனீ. அது இருட்டுப் பெட்டியில் வாழாது. செடி கொம்பில் உள்ளங்கை அளவு அடை கட்டும் கொம்புத்தேனீயும் அப்படித்தான். மலைத்தேனீ பருவம் மாறினால் தானே இடம் பெயர்ந்துவிடும். அதுவரை பால்கனிக் கதவைத் திறக்காமல், இரவில் அந்தப் பக்கம் விளக்குப் போடாமல் இருக்க முடியுமானால் அதுவே நல்லது. முடியாத இடம் என்றால் பழக்கமுள்ளவர்களைக் கூப்பிடுங்கள். கல்லெறிவது, தீவைப்பது இரண்டும் உயிருக்கு ஆபத்து.

சென்னையில் மொட்டை மாடி மட்டும்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு. – வாசகி, நங்கநல்லூர்

கொசுத்தேனீயில் தொடங்குங்கள். கொட்டாது. பழைய சுவர் இடுக்கில் மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரை உடைக்காமலே பெட்டிக்கு மாற்ற ஒரு வழி உண்டு. அந்தக் குழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயை மண்ணால் பூசி ஒட்டி, மறுமுனையைச் சிறிய மரப்பெட்டியில் செருகி, பெட்டியின் எதிர்ப்பக்கம் ஒரு துளை போட்டுவிட்டால், தேனீ பெட்டி வழியாகத்தான் போய்வர வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். சில பெட்டிக்குள்ளும் கட்டத் தொடங்கும், சில வெறும் வழியாகவே வைத்துக்கொள்ளும். அவசரம் என்றால் குடும்பத்தோடு பெட்டியாகவே வாங்கிவிடுங்கள். மாடியில் நிழல் கட்டாயம், சிமெண்ட் தரையின் சூடு கீழிருந்தும் அடிக்கும்.

புதுப் பெட்டிக்குச் சர்க்கரைத் தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாள்? கடைத்தேன் வைக்கலாமா? – பலர்

கடைத்தேன் வேண்டாம். எந்தக் கூட்டிலிருந்து என்ன நோய் வருமென்று தெரியாது. வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம எடை, கரைத்து ஆறவைத்தது. வெல்லம், கருப்பட்டி வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். ஒரு சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் நிற்க நாலு குச்சி போட்டு, பொழுது சாய்ந்த பிறகு பெட்டிக்குள்ளேயே வையுங்கள். இரவில் குடித்துவிடும் அளவு போதும், காலையில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். வெளியே தட்டில் வைத்தால் ஊர்த் தேனீயெல்லாம் வந்து பலவீனமான பெட்டியைக் கொள்ளையடிக்கும். வாயிலில் மகரந்த வரத்து நன்றாகத் தெரிந்து, ஓரச் சட்டத்தில் புதுத் தேன் மின்னினால் நிறுத்திவிடலாம்.

கொட்டினால் என்ன செய்ய வேண்டும்? – வாசகர், கரூர்

கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள், தாமதிக்கக் கூடாது. அந்த இடத்தைக் கழுவிவிட்டு அங்கிருந்து நகருங்கள், கொட்டிய இடத்தின் வாசனை மற்றத் தேனீயையும் இழுக்கும். வீக்கமும் அரிப்பும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், உடம்பெல்லாம் தடிப்பு, முகம் தொண்டை வீக்கம் இதில் எது வந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி ஒரு முறை வந்தவர் மருத்துவரைக் கேட்காமல் மறுபடி பெட்டியைத் தொடக் கூடாது.

புதிதாகக் குடியேற்றிய பெட்டியில் முதல் தேன் எப்போது எடுக்கலாம்? – வாசகர், நாகர்கோவில்

நீங்கள் நம்ம பக்கம் என்பதால் நம் கணக்கிலேயே சொல்கிறேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குடும்பம் பெருகும் காலம். குடியேற்றவும் பிரிக்கவும் அதுதான் நல்ல நேரம். மார்கழி, தை மாதத்தில் ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும்போது இளம் இலைக்காம்பிலிருந்தே மதுரம் சுரக்கும். பூ இல்லாமலேயே தேன் வருவது அப்படித்தான். அதற்குள் புழு அறையில் (புழு வளரும் கீழ் அடுக்கு) ஏழு சட்டமும் தேனீயால் நிறைந்திருந்தால் மேலே தேன் அறை (தேனுக்கான மேல் அடுக்கு) வைக்கலாம், மாசி பங்குனியில் எடுக்கலாம். ரப்பரில் மதுரம் உண்டே தவிர தேனீக்கு வேண்டிய மகரந்தம் பெரிதாகக் கிடைக்காது. பக்கத்தில் தென்னை இல்லாத ரப்பர் தோட்டத்துக்கு நடுவே புதுக் குடும்பத்தை வைக்காதீர்கள்.

நிறையவில்லை என்றால் இந்த வருடம் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் மேல் அறையில், மெழுகால் மூடி முடித்த அடையிலிருந்து மட்டும் எடுங்கள். மூடாத தேனில் ஈரம் அதிகம், புளித்துவிடும். புழு அறையில் இருக்கும் தேனில் கை வைக்காதீர்கள். ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை வெளியே பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அந்த மாதங்களை அந்தத் தேனை வைத்துத்தான் அவை தாண்ட வேண்டும். அந்தச் சமயம் வாரம் ஒரு முறை அடிப்பலகையைத் துடைத்து, குறைந்த தேனீயுள்ள சட்டங்களை எடுத்துவிட்டு, இருப்பவற்றை நெருக்கி வைத்து, தேவைப்பட்டால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.